சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் ஒருநாள் குடும்பப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எங்கள் குடியிருப்பிலும் உறவினர்களிடமிருந்தும் ஒரே விதமான சந்தேகங்கள் வந்துகொண்டிருப்பதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வண்டி நேரங்கள் கால அட்டவணை மாறும்போது சற்று முன்பின் நகரும் என்பதால் எல்லா நேரங்களையும் ஏறத்தாழத்தான் கொடுத்திருக்கிறேன். பயணத் தேதிக்குரிய சரியான நேரத்தை முன்பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள். 139 என்ற ரயில்வே உதவி எண்ணிலும் கேட்கலாம்.

காலையில் போய்விட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துவிட முடியுமா? குழந்தைகளை வைத்துக்கொண்டு அலைச்சலாக இருக்காதா?

முடியும். சென்னை சென்ட்ரலிலிருந்து பெங்களூர் நகர ரயில் நிலையம் சுமார் 360 கிலோமீட்டர். வந்தே பாரத் இந்தத் தொலைவை நாலரை மணி நேரத்துக்குள் கடக்கிறது. சதாப்திக்கு ஐந்து மணி நேரம் ஆகும். பிருந்தாவன் எக்ஸ்பிரஸுக்கு ஆறு மணி நேரம். காலை ஆறு மணிக்குள் சென்னையை விட்டால் பத்தே கால் மணி அளவில் பெங்களூரில் இருக்கலாம். மாலை நாலரை மணி வாக்கில் அங்கே வண்டி ஏறினால் இரவு ஒன்பதரை மணி அளவில் சென்ட்ரலில் இறங்கலாம்.

ஆக, ஊருக்குள் கிடைப்பது ஆறு மணி நேரம். நிலையத்திலிருந்து வெளியே வரவும் திரும்பி வந்து நடைமேடை தேடவும் ஆகும் நேரத்தைக் கழித்தால் நாலரை மணி நேரம் மிஞ்சும். அலைச்சல் வருவது இந்த நாலரை மணிக்குள் நான்கு இடங்களைத் திணிக்கும்போதுதான். ஒரு பூங்கா, ஒரு காட்சியகம், ஒரு மதியச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டவர்கள் யாரும் அலைச்சல் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

எந்த வண்டியில் போய் எந்த வண்டியில் திரும்புவது?

போவதற்குக் காலை 5.50 மணி அளவில் புறப்படும் மைசூரு வந்தே பாரத்தோ, அதைத் தொடர்ந்து ஆறு மணி வாக்கில் புறப்படும் மைசூரு சதாப்தியோ பொருந்தும். காலை ஏழு மணிக்கு மேல் கிளம்பும் பிருந்தாவனும் இரட்டை அடுக்கு வண்டியும் நல்ல வண்டிகள்தாம். ஆனால் அவை பெங்களூர் சேரும்போது மதியம் ஒரு மணி தாண்டிவிடும் என்பதால் ஒருநாள் பயணத்துக்கு உதவா.

திரும்பும் வண்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். காலையில் சென்ற வந்தே பாரத்திலேயே திரும்பலாம் என்று எண்ணினால், அது மைசூருவிலிருந்து திரும்பி வந்து மூன்று மணிக்கு முன்பே பெங்களூரை விட்டுவிடும். பிருந்தாவனும் மூன்று மணி அளவில் கிளம்பிவிடுகிறது. எனவே நாலரை மணி அளவில் பெங்களூரை விடும் மைசூரு–சென்னை சதாப்தியே குடும்பங்களுக்கு ஏற்றது. அதையும் தவறவிட்டால், இரவு பத்தரை மணிக்கு மேல் கிளம்பி விடியற்காலையில் சென்னை சேரும் பெங்களூர் மெயில் இருக்கிறது. வந்தே பாரத்துக்கும் சதாப்திக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு என்பதால், நீங்கள் செல்லும் கிழமையில் இரண்டும் ஓடுகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

பெங்களூரில் இருந்துகொண்டு சென்னைக்கு வர நினைப்பவர்களுக்கு நிலைமை இன்னும் சாதகம்: காலை ஆறு மணிச் சதாப்தியில் கிளம்பினால் பதினொரு மணிக்குச் சென்ட்ரல்; திரும்ப மாலை ஐந்து மணிக்கு ஒரு வந்தே பாரத்தும் ஐந்தரைக்குச் சதாப்தியும் இருக்கின்றன.

முதலில் போகிற டிக்கெட்டைப் போடுவதா, வருகிற டிக்கெட்டைப் போடுவதா?

வருகிற டிக்கெட்டை. போவதற்கு அடுத்தடுத்து இரண்டு வண்டிகள் இருக்கின்றன. மாலையில் திரும்புவதற்கு வசதியான வண்டி ஒன்றே ஒன்றுதான். சதாப்தியில் இடம் உறுதியான பிறகே காலை வண்டியைப் பற்றி யோசியுங்கள்.

முன்பதிவு பயண நாளைக் கணக்கில் சேர்க்காமல் 60 நாள்களுக்கு முன் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது (2024 நவம்பருக்கு முன்பு இது 120 நாள்களாக இருந்தது). போவதும் வருவதும் ஒரே தேதி என்பதால் இரண்டும் ஒரே காலையில் திறக்கும். சதாப்தியின் சேர் காரில் இருக்கைகள் விற்க விற்க அடிப்படைக் கட்டணம் படிப்படியாக ஏறும் முறை இருக்கிறது. உச்சத்தில் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கை நெருங்கிவிடும். வந்தே பாரத்தில் அந்த ஏற்றம் கிடையாது. வருகிற டிக்கெட்டை முதலில் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாங்கள் ஏழு பேர். எல்லாரும் ஒரே டிக்கெட்டில் வர முடியாதா?

ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் சேர்க்க இயலாது. ஏழு பேரை ஆறும் ஒன்றுமாகப் பிரிக்காமல் நான்கும் மூன்றுமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பெரியவர் ஒருவராவது இருக்கும்படி செய்யுங்கள். இரண்டு டிக்கெட்டுகளும் வெவ்வேறு பெட்டிகளில் விழுந்தாலும் குழந்தைகள் தனியே உட்கார நேராது. ஒன்றை முடித்த கையோடு அடுத்ததை எடுத்தால் அருகருகே கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

கைக்குழந்தைக்கும் டிக்கெட் எடுக்கணுமா? ஏழு வயதுப் பையனுக்கு அரை டிக்கெட் தானே?

ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டாமென்றால் கட்டணம் இல்லை. முன்பதிவின்போது பெயரையும் வயதையும் மட்டும் குழந்தைக்குரிய இடத்தில் நிரப்பினால் போதும். நாலரை மணி நேரம் மடியில் உட்கார்ந்து வரும் குழந்தையா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மூன்று வயதைத் தாண்டிய துறுதுறுப்பான பிள்ளை என்றால், முழுக் கட்டணம் கொடுத்து ஓர் இருக்கை வாங்கிக்கொள்வதே எல்லாருக்கும் நிம்மதி.

ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கு அரைக் கட்டணம் என்பது, முன்பதிவு டிக்கெட்டுகளைப் பொறுத்தவரை, படுக்கை வசதியுள்ள வகுப்புகளில் தனிப் படுக்கை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பவர்களுக்கு மட்டுமே பொருந்துகிறது. சேர் கார் போன்ற உட்காரும் வகுப்புகளில் அந்தத் தெரிவே கிடையாது. ஏழு வயதுப் பிள்ளைக்கும் பெரியவர் கட்டணந்தான். 2016 ஏப்ரலில் விதி மாறிய பிறகும் பழைய நினைவில் அரைக் கட்டணத்துக்குக் கணக்குப் போட்டு வருபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

அப்பா அம்மாவுக்கு மூத்த குடிமக்கள் சலுகை உண்டா?

இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட அந்தச் சலுகை மீண்டும் வரவில்லை. நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குச் சென்ட்ரலில் பேட்டரி கார் உண்டு. அதை எதிர்பார்ப்பவர்கள் புறப்பாட்டுக்கு முக்கால் மணி முன்னதாகவே வந்துவிடுவது நல்லது.

எல்லாரும் அடையாள அட்டை கொண்டுவரணுமா?

இணையத்தில் எடுத்த டிக்கெட்டில் பெயர் உள்ளவர்களில் யாராவது ஒருவரின் அசல் அடையாள அட்டை இருந்தால் போதும். டிஜிலாக்கரில் உள்ள ஆதாரையும் ஏற்கிறார்கள். ஏழு பேர் இரண்டு டிக்கெட்டாகப் போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஓர் அட்டை என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

காலை 5.50 வண்டிக்குச் சென்ட்ரலுக்கு எப்படி வந்து சேருவது? மெட்ரோ இருக்குமா?

மெட்ரோ காலை ஐந்து மணி அளவில்தான் ஓடத் தொடங்குகிறது. நகரின் நடுப்பகுதியில் இருப்பவர்களுக்கு முதல் வண்டி உதவக்கூடும். விமான நிலையம், விம்கோ நகர் போன்ற ஓரங்களிலிருந்து அதை நம்பிக் கிளம்புவது ஆபத்து. புறநகர் மின்சார ரயில்கள் நான்கு மணி வாக்கிலேயே ஓடத் தொடங்கிவிடுவதால் தாம்பரம் தடத்தில் இருப்பவர்கள் பூங்கா நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்து வந்துவிடலாம். மற்றவர்கள் முந்தைய இரவே கார் சொல்லி வைப்பதுதான் உசிதம்.

இன்னொன்று: சென்ட்ரலில் இரவிலும் விடியலிலும் நடைமேடை அறிவிப்பைப் பார்க்காமல் போன முறை நின்ற இடத்துக்கே நேராக நடந்துவிடுகிறவர்கள் உண்டு. நடைமேடை அன்றன்று மாறும். வந்தே பாரத்தின் கதவுகள் தானாக மூடிக்கொள்பவை. வண்டி நகரும்போது ஓடி வந்து ஏறும் பழக்கம் அங்கே செல்லாது. வழியனுப்ப வந்தவர்களும் பெட்டிக்குள் ஏறாமல் இருப்பது நல்லது. இறங்குவதற்குள் கதவு மூடிவிட்டால் அடுத்த நிறுத்தம் வரை போக வேண்டியதுதான்.

ஜன்னல் ஓர இருக்கை கேட்டு வாங்க முடியுமா? சில இருக்கைகள் பின்பக்கம் பார்த்து இருக்கிறதாமே?

முன்பதிவில் ஜன்னலோரம் வேண்டும் என்று விருப்பம் தெரிவிக்கலாம். கிடைக்கும் என்ற உறுதி இல்லை. சேர் காரில் ஒரு வரிசைக்கு ஒருபுறம் மூன்றும் மறுபுறம் இரண்டுமாக இருக்கைகள். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு மூன்றும் எதிர்ப்புறம் ஒன்றுமாக விழுவது வழக்கம். பக்கத்தில் இருப்பவரிடம் மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் மாறிக்கொள்வார்கள்.

ஆம், இருக்கைகளில் ஒரு பகுதி வண்டி போகும் திசைக்கு எதிர்முகமாகத்தான் இருக்கும். வந்தே பாரத்தின் எக்ஸிகியூட்டிவ் வகுப்பில் இருக்கையைத் திருப்பிக்கொள்ளலாம். சேர் காரில் முடியாது. பயணத்தில் வாந்தி எடுக்கும் குழந்தைக்கு இது தொந்தரவாகலாம் என்பதால், ஏறியவுடனேயே முன்முகமாக இருப்பவர் ஒருவரோடு இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜன்னலோரம் கிடைத்தால் போகும்போது இடப்பக்கமாக இருக்கட்டும். வாணியம்பாடி தாண்டி ஜோலார்பேட்டை வரை ஏலகிரி மலை அந்தப் பக்கந்தான் கூடவே வரும். ஜோலார்பேட்டைக்கு அப்பால் வண்டி மேடேறத் தொடங்கும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடுவில் குப்பம் நிலையத்தில் பெயர்ப்பலகை தெலுங்கில் இருப்பதைக் கண்டு பிள்ளைகள் வியப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து கர்நாடகம் போகும் இந்தப் பாதை, கொஞ்ச தூரம் ஆந்திரத்துக்குள் நுழைந்து வெளியேறுகிறது. வரைபடத்தைக் கையில் கொடுத்து மூன்று மாநில எல்லைகளையும் கண்டுபிடிக்கச் சொன்னால் ஒரு மணி நேரம் கைப்பேசி கேட்காமல் இருப்பார்கள்.

சாப்பாடு வண்டியில் தருவார்களா, கட்டி எடுத்துக்கொண்டு போகணுமா?

இரண்டு வண்டிகளிலும் உணவு உண்டு. முன்பதிவின்போது வேண்டும், வேண்டாம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குறிப்பிடலாம். வேண்டாமென்றால் அந்தத் தொகை கட்டணத்தில் சேராது.

என் பரிந்துரை: காலை வண்டியில் பிள்ளைகளுக்கு உணவு வேண்டாம் என்று குறித்துவிட்டு, மிளகாய்ப் பொடி தடவிய இட்லியை வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள். நான்கு மணிக்கு எழுப்பப்பட்ட குழந்தை, பரிமாறுகிறவர் வரும் நேரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும்; காட்பாடி தாண்டி விழித்ததும் பசிக்கிறது என்று அழும். மாலைச் சதாப்தியில் எல்லாருக்கும் உணவு குறித்துவிடுங்கள். சிற்றுண்டியும் இரவுச் சாப்பாடும் வண்டியிலேயே முடிந்துவிட்டால், ஒன்பதரை மணிக்குச் சென்ட்ரலில் இறங்கி உணவகம் தேட வேண்டியதில்லை. கைக்குழந்தைக்கு வெந்நீரை ஃபிளாஸ்க்கில் எடுத்துச் செல்லுங்கள். ஆளுக்கு ஒரு மெல்லிய போர்வையோ ஸ்வெட்டரோ இருக்கட்டும். பெங்களூர்க் குளிரை விடப் பெட்டிக்குள் இருக்கும் ஏசிக் குளிர்தான் பெரியவர்களை வாட்டுகிறது.

பெங்களூரில் எந்த ஸ்டேஷனில் இறங்குவது? பெயரே நாலைந்து காட்டுகிறதே?

கே.எஸ்.ஆர். பெங்களூர் என்று காட்டுவதுதான் மெஜஸ்டிக் அருகிலுள்ள பழைய நகர ரயில் நிலையம். கிராந்திவீர சங்கொள்ளி ராயண்ணா என்பதன் சுருக்கம் அது. ஊர் சுற்ற வருபவர்கள் அங்கேயே இறங்கலாம். அதற்கு முன்பாகக் கண்டோன்மென்ட் வரும். சிவாஜிநகர், பிரேசர் டவுன் பக்கம் உறவினர் வீடு இருப்பவர்களுக்கு அது அருகில். ஒயிட்பீல்டு பக்கம் போகிறவர்களுக்குக் கிருஷ்ணராஜபுரம் வசதி; அங்கே மெட்ரோவும் இருக்கிறது. ஆனால் எல்லா வண்டிகளும் அங்கே நிற்பதில்லை.

எஸ்.எம்.வி.டி. என்று காட்டினால் அது பையப்பனஹள்ளி அருகிலுள்ள விஸ்வேஸ்வரய்யா முனையம். யஷ்வந்த்பூர் வேறொரு மூலை. திரும்பும் டிக்கெட்டில் இந்தப் பெயர்களில் எது இருக்கிறது என்பதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

அந்த நாலரை மணி நேரத்தில் எதைப் பார்ப்பது?

பிள்ளைகள் இருந்தால் கப்பன் பூங்காவும் அதையொட்டிக் கஸ்தூர்பா சாலையில் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகமும் போதும். நகர நிலையத்திலிருந்து மெட்ரோவின் ஊதா வழித்தடத்தில் ஒயிட்பீல்டு நோக்கிச் செல்லும் வண்டியில் ஏறினால், வண்டி மாறாமல் கப்பன் பூங்கா நிலையத்தில் இறங்கலாம். அருங்காட்சியகத்தில் பொத்தானை அழுத்தியும் சக்கரத்தைச் சுற்றியும் பார்க்கும் கருவிகள் ஏராளம். இரண்டு மணி நேரம் போவதே தெரியாது.

பெரியவர்கள் அதிகம் என்றால் லால்பாக். ஹைதர் அலி தொடங்கிய தோட்டம், 240 ஏக்கர், 1889-இல் கட்டிய கண்ணாடி மாளிகை நடுவில் இருக்கிறது. மெஜஸ்டிக்கிலிருந்து மெட்ரோவின் பச்சை வழித்தடம் நேரே லால்பாக் நிலையத்துக்குப் போகிறது. ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க் கண்காட்சி நடக்கும் நாள்களில் கூட்டம் நெரியும் என்பதால், குழந்தைகளோடு ஒருநாள் பயணமாகப் போகிறவர்கள் அப்போது தவிர்க்கலாம். பன்னேர்கட்டா உயிரியல் பூங்கா, நந்தி மலை இரண்டையும் இந்தப் பயணத்தில் நினைக்கவே வேண்டாம். பெங்களூர்ச் சாலை நெரிசலில் சதாப்தி கைநழுவிவிடும். எங்கே இருந்தாலும் மூன்றே கால் மணிக்கு நிலையத்தை நோக்கித் திரும்பிவிடுங்கள்.

வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கிறது. ஆர்.ஏ.சி. ஆகிவிட்டால் உட்கார்ந்தாவது போகலாம் அல்லவா?

சேர் காரில் ஆர்.ஏ.சி. என்பதே கிடையாது, ஒரு படுக்கையை இருவருக்கு உட்காரக் கொடுக்கும் ஏற்பாடு அது என்பதால், உட்காரும் வகுப்புக்கு அது பொருந்தாது. இங்கே உறுதியான இடம் அல்லது காத்திருப்போர் பட்டியல், இரண்டே நிலைதான். பயணிகள் அட்டவணை (சார்ட்) தயாராகும்போதும் டிக்கெட்டில் உள்ள அனைவரும் காத்திருப்பிலேயே இருந்தால், இணையத்தில் எடுத்த டிக்கெட் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும்; அதை வைத்துக்கொண்டு ஏறக் கூடாது.

நான்கு பேரில் இருவருக்கு மட்டும் இடம் உறுதியாகி இருவர் காத்திருப்பில் நின்றால் டிக்கெட் ரத்தாகாது. நால்வரும் ஏறலாம், இருக்கை இரண்டுக்குத்தான். குழந்தைகளோடு அப்படிப் போவது விதிப்படி சரி, உடம்புக்குச் சரியில்லை.

தத்காலில் பார்த்துக்கொள்ளலாமா?

ஏசி வகுப்புகளுக்குத் தத்கால் முந்தைய நாள் காலை பத்து மணிக்குத் திறக்கிறது. 2025 ஜூலை முதல், இணையக் கணக்கு ஆதாரோடு இணைந்திருந்தால்தான் அதில் எடுக்க முடியும். உறுதியான தத்கால் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. ஒருவர், இருவர் என்றால் முயன்று பார்க்கலாம். போக நான்கு, வர நான்கு என்று எட்டு இருக்கைகளைத் தத்காலில் பிடிக்கலாம் என்பது பேராசை.

மாமனார் மாமியார் காட்பாடியில் ஏறுவார்கள். ஒரே டிக்கெட்டில் போட்டுவிடலாமா?

கூடாது. ஒரு டிக்கெட்டுக்கு ஏறுமிடம் ஒன்றுதான். மாற்றினால் அந்த டிக்கெட்டில் உள்ள அனைவருக்கும் சேர்ந்தே மாறும். அதன்பின் சென்னையில் ஏறும் உரிமை உங்களுக்கும் போய்விடும். மாற்றாமல் விட்டால், சென்னையில் ஆள் வராத இருக்கையைப் பரிசோதகர் வேறொருவருக்கு ஒதுக்கிவிட வாய்ப்புண்டு. அவர்களுக்குக் காட்பாடியிலிருந்து தனி டிக்கெட் எடுங்கள். தேர்ந்தெடுக்கும் வண்டி காட்பாடியில் நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி நேரத்தில் ஒருத்தர் வர முடியவில்லை. அந்த இடத்தில் தம்பியை அனுப்பலாமா?

தாய், தந்தை, உடன்பிறந்தவர், மகன், மகள், கணவன், மனைவி ஆகியோருக்குள் பெயரை மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. வண்டி புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பு, டிக்கெட்டோடும் உறவுக்கான சான்றோடும் முன்பதிவு மையத்துக்கு நேரில் போக வேண்டும். மைத்துனரும் ஒன்றுவிட்ட சகோதரரும் இந்தப் பட்டியலில் இல்லை. போகும் டிக்கெட், வரும் டிக்கெட் இரண்டுக்கும் தனித்தனியே மாற்ற வேண்டும் என்பதை மறக்கிறவர்கள் அதிகம்.

போகிற வண்டியே ரொம்ப லேட். டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்குமா? வருகிற டிக்கெட் என்ன ஆகும்?

ஏறுமிடத்தில் வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால், பயணம் செய்யாமல் முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம், அதற்கான டி.டி.ஆர். விண்ணப்பத்தை வண்டி உங்கள் நிலையத்தை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே இணையத்தில் பதிந்துவிட வேண்டும்.

வரும் டிக்கெட் தனி ஒப்பந்தம். போகும் வண்டி தாமதமானதைக் காரணம் காட்டி அதற்கு முழுப் பணம் கேட்க முடியாது. நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும், ஒரு கட்டத்துக்குப் பிறகு எதுவும் திரும்பாது என்பதால், பயணத்தைக் கைவிடுவது என்று முடிவானால் நிலையத்தில் நிற்கும்போதே முதல் வேலையாக அதை ரத்து செய்யுங்கள். தாமதம் இரண்டு மணி நேரந்தான், போகவும் வேண்டும் என்றால், சதாப்தியை ரத்து செய்துவிட்டு இரவு மெயிலில் படுக்கை இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வழி.

போகிற டிக்கெட் உறுதி. வருவது வெயிட்டிங் லிஸ்ட் 9. கிளம்பிவிடலாமா?

இதுதான் எல்லாரும் கடைசியில் கேட்பது. காலையில் புறப்படும் வண்டிகளுக்கு அட்டவணை முந்தைய இரவே தயாராகிவிடுவதால், போகும் டிக்கெட்டைப் பற்றி நிம்மதியாகத் தூங்கலாம். மாலைச் சதாப்தி மதியத்துக்கு மேல் மைசூருவிலிருந்து கிளம்புவது. அதன் அட்டவணை அன்று காலையில்தான் தயாராகும். அப்போது நீங்கள் கிளம்பிக்கொண்டிருப்பீர்கள், அல்லது ஏற்கெனவே வண்டியில் இருப்பீர்கள். உங்கள் திரும்பும் டிக்கெட் ரத்தாகிவிட்டது என்ற குறுஞ்செய்தி வீட்டைவிட்டுக் கிளம்பும்போதோ அரக்கோணம் தாண்டும்போதோ வந்து சேரலாம்.

ஆகையால் முந்தைய நாள் இரவு வரை இடம் உறுதியாகாவிட்டால், மெயிலில் படுக்கையோ பேருந்தில் இருக்கையோ மாற்றாகக் கையில் இருந்தால் மட்டுமே கிளம்புங்கள். அட்டவணைக்குப் பிறகு காலியாக இருக்கும் இடங்களைக் கரன்ட் புக்கிங்கில் விற்பார்கள் என்பது உண்மைதான். தனி ஆள் அதை நம்பிப் போகலாம். வயதான தாயாரையும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போகிறவர்கள், தேதியை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுவதே மேல்.